கல் ஊரிலிருந்து ஒரு கேஸ் கதை: கே. டி. மாளவியா

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைச்சா ஒரு விஷயம் கவனிச்சுப் பாருங்க. வழி முழுக்க கல். ஏரிக்கரைக்குப் பின்னாடி பாறை, வயலுக்கு நடுவுல பாறை, திருக்கழுக்குன்றத்துல மலையே கோயில், மாமல்லபுரத்துல கோயிலே பாறை. பல்லவர் காலத்துச் சிற்பிகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைச்சிருக்காது.

போன செமஸ்டர்ல அப்படி ஒரு பயணத்தில் பக்கத்து சீட் நண்பன் ஒரு கேள்வி கேட்டான். காரைக்கால், நாகப்பட்டினம், திருவாரூர் பக்கமெல்லாம் ஓஎன்ஜிசி கிணறு தோண்டுது. அதே கடற்கரைதானே நமக்கும், நம்ம பக்கம் ஏன் தோண்டலை? கேள்வி எளிமையானது. அதுக்குப் பதில் தேடிப்போனப்பதான் கேசவ தேவ மாளவியா என்ற மனிதரின் வாழ்க்கை கையில் சிக்கியது. நம்ம பாடப்புத்தகத்தில் இவர் பெயர் எங்கேயும் வந்த ஞாபகம் இல்லை. ஆனா இன்னைக்கு இந்தியாவில் எந்த எரிவாயுக் கிணற்றைப் பார்த்தாலும் அதுக்குப் பின்னாடி எங்கேயோ இவர் நிற்கிறார்.

முதல்ல நண்பனின் கேள்விக்குப் பதில்

பெட்ரோலியமும் எரிவாயுவும் படிவுப் பாறைகளில் உருவாகிறவை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னாடி கடலடியிலோ ஏரியடியிலோ சேர்ந்த நுண்ணுயிர்களும் தாவரங்களும் மண்ணோடு புதைந்து, மேல மேல படிவு ஏறி, ஆழத்தின் வெப்பத்தில் வெந்து எண்ணெயாவும் வாயுவாவும் மாறுது. அது மேலே கசிந்து வரும்போது தங்குறதுக்கு நுண்துளை உள்ள மணற்கல் மாதிரி ஒரு பாறை வேணும். தப்பிச்சுப் போகாம மூடி வைக்க, களிமண் பாறை மாதிரி ஒரு மூடி வேணும். இந்த மூணும் சரியா அமைஞ்சாதான் வாயு கிடைக்கும்.

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் நம்ம காலுக்குக் கீழே இருப்பது சார்னோகைட், கிரானைட் மாதிரியான கடினப் பாறை. பூமியின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று. ஆழத்தில், பெரும் வெப்பத்தில் உருவான இதுக்குள்ள எண்ணெய் தேடுறது கருங்கல்லில் நார் உரிக்கிற வேலைதான். காவிரி டெல்டாவிலோ நிலைமை வேற. அங்கே வண்டல் மண்ணுக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கில் படிவு அடுக்குகள் இருக்கு. நம்ம பாலாறு வயலூர் பக்கம் கடலில் சேருதே, அந்தக் கரைக்கு அப்பால் கடலடியிலும் படிவுகள் உண்டு. மத்திய அரசு தேடுதலுக்கு ஏலம் விட்ட ஆழ்கடல் பகுதிகளில் சிலவற்றுக்கு காவேரி–பாலாறு என்றே பெயர்.

இதெல்லாம் இன்னைக்கு நமக்கு இரண்டு நிமிஷத்தில் தெரிஞ்சுக்கிற விஷயம். 1947-ல் இந்த நாட்டுக்கே தெரியாது. அங்கிருந்துதான் மாளவியாவின் கதை தொடங்குது.

எண்ணெய் படித்த மாணவர்

மாளவியா பிறந்தது 1904-ல், அன்றைய ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசத்தில். கான்பூரில் உள்ள ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆயில் டெக்னாலஜி படித்தார். அந்தக் காலத்தில் அந்தப் படிப்பு பெரும்பாலும் தாவர எண்ணெய் சம்பந்தப்பட்டது. கடுகு எண்ணெயும் கடலை எண்ணெயும் பற்றிப் படித்தவர் பின்னாளில் பூமிக்கடியில் இருக்கிற எண்ணெயைத் தேடப் போனார் என்பது நம்ம மாதிரி ஒரு பிராஞ்சில் சேர்ந்து இன்னொரு பிராஞ்ச் வேலைக்குப் போறவங்களுக்கு ஆறுதலான செய்தி.

படிப்பு முடிந்ததும் அவர் போனது தொழிற்சாலைக்கு இல்லை, சுதந்திரப் போராட்டத்துக்கு. காங்கிரஸில் சேர்ந்தார், சிறை சென்றார். நாடு விடுதலை அடைந்தபின் நாடாளுமன்றத்துக்கு வந்தார். 1950-களில் மௌலானா ஆசாத்தின் கீழ் இயற்கை வளம், விஞ்ஞான ஆராய்ச்சித் துறையின் துணை அமைச்சரானார். பெரிய அதிகாரம் உள்ள பதவி ஒண்ணும் இல்லை. ஆனா இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அந்த அமைச்சகத்தின் கீழ் இருந்தது. மாளவியா அதைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைய நிலவரம்

சுதந்திரம் கிடைத்தபோது இந்தியாவில் எண்ணெய் எடுக்கப்பட்ட ஒரே முக்கிய இடம் அசாமின் திக்பாய். அங்கே 1889-லேயே எண்ணெய் கிடைத்து, 1901-ல் சுத்திகரிப்பு ஆலையும் வந்துவிட்டது. ஆனா மொத்த உற்பத்தி வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் அளவுதான். நாட்டின் தேவைக்கு அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மீதி எல்லாம் இறக்குமதி. இறக்குமதி, விலை, விற்பனை மூன்றும் பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் என்ற வெளிநாட்டு நிறுவனங்களின் கையில்.

அசாமைத் தாண்டி இந்தியாவில் பெரிசா எண்ணெய் இல்லை என்பதே அப்போது பரவலான கருத்து. மேற்கு வங்கத்தில் ஸ்டான்வாக்கோடு சேர்ந்து அரசு நடத்திய தேடுதலும் வறண்ட கிணறுகளோடு முடிந்தது. சொல்லப்போனா அந்தக் கருத்து முழுக்கத் தப்புன்னு சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. ஏன்னா யாரும் முழுசாத் தேடவே இல்லை.

மாளவியாவின் வாதம் இங்கேதான் வித்தியாசப்பட்டது. எண்ணெய் இருக்குன்னு அவர் சத்தியம் செய்யவில்லை. இருக்கா இல்லையா என்பதை நாமே தெரிஞ்சுக்கணும், அந்தத் தகவல் அடுத்தவன் பெட்டியில் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் நிலை. ஒரு வெளிநாட்டு நிறுவனம் இங்கே தேடினா அதன் கணக்கு வேற. அதுக்கு உலகம் முழுக்க மலிவான கிணறுகள் இருக்கு. இந்தியாவில் சுமாரான வயல் கிடைச்சா அதுக்கு லாபம் இல்லை. ஆனா அந்நியச் செலாவணி இல்லாம தவிக்கிற நாட்டுக்கு அதே சுமாரான வயல் பெரிய வரம்.

அமைச்சரவைக்குள்ளேயே தயக்கம் இருந்தது. கிணறு தோண்ட ஆகும் செலவு பயங்கரம், பத்துக் கிணற்றில் ஒன்பது வறண்டு போகலாம், அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம் என்ற கேள்வி நியாயமானதுதான். மாளவியா விடாம வாதாடினார். நேரு மெல்ல அவர் பக்கம் சாய்ந்தார்.

ஒரு இயக்குநரகம் ஆணையமான கதை

1955-ல் எண்ணெய், இயற்கை எரிவாயு இயக்குநரகம் என்று ஒரு சின்ன அலுவலகம் தொடங்கியது. மாளவியா தலைமையில் ஒரு குழு ஐரோப்பிய நாடுகளுக்குப் போய் அங்கே எண்ணெய்த் தொழில் எப்படி நடக்குதுன்னு பார்த்து வந்தது. நம்ம ஆட்களுக்குப் பயிற்சி கிடைக்கவும் ஏற்பாடு செய்தது. அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி, ருமேனியா, சோவியத் யூனியன் நிபுணர்கள் இங்கே வந்தார்கள். கடைசியில் சோவியத் நிபுணர்கள்தான் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு எங்கே சர்வே, எங்கே ட்ரில்லிங் என்று விரிவான திட்டம் போட்டுத் தந்தார்கள்.

1956 ஏப்ரலில் வந்த தொழிற்கொள்கைத் தீர்மானம் கனிம எண்ணெயை அரசுத்துறையின் பொறுப்பில் வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 14-ல் இயக்குநரகம் ஆணையமாக உயர்ந்தது. 1959-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தனி அதிகாரம் பெற்றது. தலைமையிடம் டேராடூன். நாம் இன்னைக்கு ஓஎன்ஜிசி என்று சொல்றது இதைத்தான்.

முதல் கிணறு எங்கே தெரியுமா? 1957-ல், இமயமலை அடிவாரத்து ஜ்வாலாமுகியில். அங்கே உள்ள அம்மன் கோயிலில் பாறை இடுக்கிலிருந்து தானாக எரியும் சுடர்தான் தெய்வம். நிலத்தடி வாயு கசிந்து எரிகிறது. புவியியல் ஆட்களுக்கு அது ஒரு துப்பு. ட்ரில்லிங்கில் வாயுவின் அடையாளம் தெரிந்தது. ஆனா வணிக ரீதியில் எடுக்கும் அளவுக்கு இல்லை. முதல் முயற்சியே இப்படி ஆனதும் கேள்வி கேட்டவர்களின் குரல் உயர்ந்தது.

அடுத்தது குஜராத். 1958 செப்டம்பரில் கம்பாத் அருகே லூனேஜில் தோண்டிய கிணற்றில் எண்ணெய் வந்தது. 1960-ல் அங்கலேஷ்வரில் அதைவிடப் பெரிய வயல் கிடைத்தது. அந்தக் கிணற்றுக்கு வசுதாரா என்று பெயர் வைத்தவர் நேரு. அசாமுக்கு வெளியே இந்தியாவில் ஒன்றுமில்லை என்ற பேச்சு அதோடு முடிந்தது.

கிணற்றில் வாயு வந்தா மட்டும் போதாது

நாம என்ஜினியரிங் பசங்க, அதனால ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவா பார்ப்போம். எண்ணெய்க்கும் வாயுவுக்கும் தொழில்ல பெரிய வித்தியாசம் இருக்கு. எண்ணெயை டேங்கில் பிடிச்சு லாரியிலோ ரயிலிலோ கப்பலிலோ அனுப்பலாம். வாயுவை அப்படி முடியாது. கிணற்றுத் தலையில் வால்வுகள் அடுக்கிய அமைப்பு இருக்கும், அதைக் கிறிஸ்துமஸ் ட்ரீ என்பார்கள். அங்கிருந்து வரும் வாயுவில் தண்ணீர், எண்ணெய், மணல் எல்லாம் கலந்திருக்கும். செப்பரேட்டரில் பிரிக்கணும், ஈரத்தை எடுக்கணும், அழுத்தம் குறைந்தால் கம்ப்ரசர் வைத்து ஏற்றணும், அப்புறம் குழாயில் அனுப்பணும். குழாயின் அந்த முனையில் தினமும் வாங்க ஆள் இருக்கணும். இல்லைன்னா எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவைக் கொளுத்தி விடுறதைத் தவிர வழியில்லை.

அதனாலதான் எரிவாயு உற்பத்தி எப்பவும் ஒரு வட்டாரத் தொழிலாகவே வளருது. கம்பாத் வாயுவுக்குத் துவாரண் அனல்மின் நிலையம் வாடிக்கையாளர் ஆனது. அசாம் வாயு நாம்ரூப் உரத் தொழிற்சாலைக்குப் போனது. 1972-ல் வதோதரா நகர வீடுகளுக்குக் குழாய் வழியே எரிவாயு வந்தது. கிணறு, குழாய், வாங்குகிற ஆலை மூன்றும் ஒன்றாக வளர்ந்தால்தான் தொழில் நிற்கும்.

மாளவியா கிணற்றோடு நிற்காததுக்கும் இதுதான் காரணம். ருமேனியா உதவியோடு குவாஹாத்தியில் 1962-ல் அரசுத்துறையின் முதல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. சோவியத் உதவியோடு பரௌனி, கோயலி ஆலைகள் வந்தன. விற்பனைக்கு 1959-ல் இந்தியன் ஆயில் கம்பெனி உருவானது. 1960-ல் சோவியத் கச்சா எண்ணெய் குறைந்த விலைக்குக் கிடைத்தபோது இங்குள்ள வெளிநாட்டு ஆலைகள் அதைச் சுத்திகரிக்க மறுத்தன. ஆனா அந்தப் பேச்சுவார்த்தையின் விளைவாகத் தங்கள் கச்சா எண்ணெய் விலையைக் குறைக்க வேண்டி வந்தது. மாற்று வழி ஒன்று கையில் இருந்தாலே பேரத்தின் தன்மை மாறிவிடும் என்பதை மாளவியா புரிந்து வைத்திருந்தார்.

சறுக்கல்

இப்படியே போயிருந்தா இது ஒரு பாராட்டுக் கட்டுரையோடு முடிந்திருக்கும். 1963-ல் எல்லாம் மாறியது. சிராஜுதீன் என்ற சுரங்க நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களில் அரசியல்வாதிகளின் பெயர்கள் இருப்பது தெரியவந்தது. ஒரு தேர்தல் வேட்பாளருக்காக மாளவியா அந்த நிறுவனத்திடமிருந்து 10,000 ரூபாய் ஏற்பாடு செய்தார் என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. பணம் தன் பைக்கு வரவில்லை, கட்சிக்காரருக்குத்தான் போனது என்பது அவர் தரப்பு. ஆனா சுரங்கத்துறையைக் கையில் வைத்திருக்கும் அமைச்சர் சுரங்க முதலாளியிடம் பணம் கேட்கலாமா? உச்ச நீதிமன்ற நீதிபதி எஸ். கே. தாஸ் விசாரித்தார். அந்த ஆண்டு ஜூனில் மாளவியா பதவி விலகினார்.

அவருடைய எதிரிகளான எண்ணெய் நிறுவனங்களின் சதி என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கென்னவோ அந்த விளக்கம் போதவில்லை. கோடிக்கணக்கில் பேரம் நடக்கிற துறையில் அந்தத் தொகை சின்னதுதான். ஆனா அடுத்தவரின் கணக்கு வெளிப்படையா இல்லைன்னு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவருக்கு, தன் கணக்கும் வெளிப்படையா இருக்கணும் என்ற கடமை மற்றவர்களைவிடக் கூடுதலாவே இருந்தது. அந்த இடத்தில் அவர் தவறினார். அவர் வாழ்க்கையை எழுதும்போது இதை விட்டுட்டு எழுதினா அது அவருக்கே செய்யும் துரோகம்.

திரும்பி வந்தவர்

கதை அங்கே முடியவில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஓஎன்ஜிசியின் செயல்பாட்டை ஆராய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் மாளவியா. தான் தொட்டிலில் போட்டு வளர்த்த பிள்ளைக்குத் தானே பரீட்சை வைக்கிற வேலை. 1971 தேர்தலில் வென்று, 1974-ல் மீண்டும் அமைச்சரானார். முதலில் உருக்கு, சுரங்கத்துறை, பிறகு பெட்ரோலியம்.

அதே 1974 பிப்ரவரியில்தான் சாகர் சாம்ராட் என்ற ரிக் மும்பைக்கு மேற்கே கடலில் எண்ணெயைக் கண்டது. பாம்பே ஹை. 1960-களில் சோவியத் ஆய்வுக் கப்பல் செய்த செய்ஸ்மிக் சர்வே அந்த அமைப்பைக் காட்டிக் கொடுத்திருந்தது. அதாவது மாளவியா காலத்தில் போட்ட விதை. 1973-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல மடங்கு எகிறி நாடு திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. 1976-ல் பாம்பே ஹையில் உற்பத்தி தொடங்கியபோது பெட்ரோலிய அமைச்சர் மாளவியாதான். அதே ஆண்டு பர்மா ஷெல்லும் அரசுடைமை ஆனது. 1977 தேர்தலில் தோற்றார். 1981 மே மாதம் மறைந்தார். டேராடூனில் 1962-ல் தொடங்கிய பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

நம்ம காவிரிப் படுகை

1950-களின் கடைசியிலேயே ஓஎன்ஜிசி ஆட்கள் காவிரிப் படுகையில் சர்வே தொடங்கிவிட்டார்கள். முதல் ஆழக் கிணறு 1964-ல். அதன் பிறகு கிட்டத்தட்ட இருபது வருஷம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. 1980-களில்தான் நரிமணம், கோவில்களப்பால் போன்ற வயல்கள் பிடிபட்டன. அங்கேயும் அதே வட்டாரக் கதைதான். வாயு கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதை எரிக்கும் மின் நிலையங்கள் வந்தன: திருமாக்கோட்டை, குத்தாலம், ராமநாதபுரம் பக்கம் வழுதூர்.

ஆனா டெல்டாவில் இன்னொரு கணக்கும் இருக்கு. அந்தப் படிவுக்கு மேலே இருப்பது நெல் வயல். 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் தெருவுக்கு வந்ததை நாம எல்லாரும் பார்த்தோம். நிலத்தடி நீர் என்னாகும், குழாய் உடைஞ்சா யார் பொறுப்பு, எங்களிடம் யார் கேட்டாங்க என்பவைதான் அவர்களின் கேள்விகள். 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துத் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அங்கே இடமில்லை.

யோசிச்சுப் பார்த்தா இது மாளவியாவின் அதே கேள்விதான், ஒரு படி கீழே இறங்கி வந்திருக்கு. நம்ம நிலத்தடியில் என்ன இருக்கு என்ற தகவல் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கக் கூடாது என்றார் அவர். டெல்லியிலும் டேராடூனிலும் மட்டும் இருந்தா போதாது, எங்க ஊருக்கும் வரணும் என்கிறார் கதிராமங்கலத்து விவசாயி. முதல் கேள்வியைக் கைதட்டி வரவேற்ற நாம இரண்டாவது கேள்வியை வளர்ச்சிக்கு எதிரானதுன்னு ஒதுக்க முடியாது. நாளைக்கு நம்மில் சிலர் ரிக்கில் வேலைக்குப் போகலாம். ட்ரில்லிங் தெரிஞ்சா மட்டும் போதாது, பக்கத்து வயல்காரருக்குப் புரியிற மாதிரி பதில் சொல்லவும் தெரியணும்.

இப்போ நம்ம செங்கல்பட்டு ரோட்டிலும் சிஎன்ஜி பங்க் வந்தாச்சு, ஆட்டோக்கள் வரிசையில் நிற்குது. 2019-ல் எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் திறந்தாச்சு. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கி, கன அளவை 600-ல் ஒரு பங்காகச் சுருக்கி, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருது அந்த வாயு. எரிவாயுவில் சரிபாதி அளவுக்கு நாடு இன்னும் வெளியில்தான் வாங்குது. மாளவியா தொடங்கிய வேலை பாதியில்தான் இருக்கு.

அடுத்த தடவை நண்பன் அந்தப் பஸ்ஸில் பக்கத்துல உட்கார்ந்தா, நம்ம ஊர் கல்லில் ஏன் வாயு இல்லைன்னு நான் சொல்லிடுவேன். இல்லைன்னு தெரிஞ்சுக்கிறதுக்கும் யாரோ ஒருத்தர் தேடிப் பார்க்கணும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.